கடைசி மணிக்கு அப்புறம்

தரங்கம்பாடி, பொறையாறு, மயிலாடுதுறைப் பக்கம் லுத்தரன் பள்ளிக்கூடத்தில் படித்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கணக்கு வாத்தியார், சயின்ஸ் வாத்தியார் எல்லாம் பேச்சில் பிறகுதான் வருவார்கள். முதலில் வருவது கொயர், சாரணர் முகாம், பூப்பந்து, கிறிஸ்துமஸ் நாடகம். நானும் அந்த ரகம்தான். எண்பதுகளின் கடைசியில் அந்த வட்டாரத்து லுத்தரன் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், போர்டிங்கில் தங்கிப் படித்தவன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்கிற இடங்களும் வரும், இன்றைக்கு அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.

நான் கிறிஸ்தவன் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் போர்டிங்தான் வழி, குறைந்த காசில் போர்டிங் வேண்டுமென்றால் மிஷன் பள்ளிதான் வழி. என்னை மாதிரி நிறையப் பேர் இருந்தோம். காலையில் கிறிஸ்தவப் பையன்கள் வேதபாட வகுப்புக்குப் போவார்கள், நாங்கள் நீதிபோதனைக்குப் போவோம். அந்த ஒரு பீரியடில் மட்டும் யார் எந்தப் பக்கம் என்று தெரியும். நாலேகால் மணிக்குக் கடைசி மணி அடித்த பிறகு அது யாருக்கும் நினைவிருக்காது.

கொயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் லுத்தரன் பள்ளியில் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும்.

காலை அசெம்பிளியில் ஞானப்பாட்டு பாடும்போது பாட்டு சார் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். ஒழுங்கு பார்க்கிறார் என்றுதான் புதிதாக வந்தவன் நினைப்பான். உண்மையில் அவர் குரல் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என் பக்கத்தில் நின்றார், காதைக் கொடுத்தார், "சாயங்காலம் ஹார்மோனிய ரூமுக்கு வா" என்றார். "சார், நாங்க வேற சாமி கும்புடறவங்க" என்று இழுத்தேன். "அதை நான் கேக்கலியே. வா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நான்கு குரல் பாட்டு என்றால் என்னவென்று அந்த அறையில்தான் தெரிந்தது. சொப்ரானோவும் ஆல்டோவும் சின்னப் பையன்களுக்கு, டெனரும் பாஸும் பெரிய பையன்களுக்கும் வாத்தியார்களுக்கும். ஐந்து கோடு போட்ட மேனாட்டு இசைக்குறிப்பெல்லாம் எங்களிடம் இல்லை. டானிக் சோல்ஃபாதான். தோ, ரே, மீ எழுத்துகளைக் கரும்பலகையில் நாலு வரியாக எழுதிப் போடுவார், அவரவர் வரியை அவரவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மானியப் பாட்டுகளை 18ஆம் நூற்றாண்டிலேயே தமிழாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய மிஷனரி ஃபெப்ரீஷியஸ். தமிழில் வேதாகமம் மொழிபெயர்த்தாரே, அகராதி தொகுத்தாரே, அதே ஃபெப்ரீஷியஸ்தான். மெட்டு ஜெர்மனியுடையது, சொல் தமிழ், பாடுகிற எங்களுக்கு இரண்டையும் பற்றிய கவலை இல்லை. மெல்ல மெல்ல ஏறி உச்சத்தில் நாலு குரலும் ஒரே இடத்தில் வந்து உட்காரும்போது வயிற்றில் என்னவோ செய்யும், அதற்காகவே போனோம்.

இதன் இன்னொரு பக்கம் கீர்த்தனை. வெள்ளிக்கிழமையன்று ஹார்மோனியத்தோடு மிருதங்கமும் சேரும். அந்த வழியின் பெரிய ஆள் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்தவர், 12 வயதில் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரோடு (பாதிரியாரை ஐயர் என்பது எங்கள் பக்கத்து வழக்கு) தஞ்சாவூருக்குப் போனவர், பிறகு அரண்மனைப் புலவரானவர். தஞ்சை இரண்டாம் சரபோஜியும் அவரும் ஒரே ஐயரிடம் படித்தவர்கள். ஆக, ராகம் தாளத்தோடு பாடுவதும், ஜெர்மன் மெட்டில் பாடுவதும் எங்கள் பள்ளியில் ஒரே அறையில், ஒரே வாத்தியாரிடம் நடந்தது. இரண்டில் எது ஒசத்தி என்ற சண்டை மட்டும் பெரியவர்களிடம் ஓயவே இல்லை. எனக்குக் கேட்டால் கீர்த்தனை. ஆனால் கூட்டமாகப் பாட நாலு குரல்தான்.

லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரே பாட்டுப் பைத்தியம். பாடத் தெரியாத பள்ளி ஆசிரியரை நான் ஏறிட்டும் பார்க்க மாட்டேன் என்ற அர்த்தத்தில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. 1524இல் ஜெர்மானிய நகரசபைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கச் சொல்லி எழுதிய நீண்ட கடிதத்தில், எனக்குப் பிள்ளைகள் இருந்தால் மொழியும் வரலாறும் மட்டும் போதாது, பாட்டும் இசையும் கணிதம் முழுவதும் படிக்க வைப்பேன் என்கிறார். அதே கடிதத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பையன்கள் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பள்ளிக்கு வந்தால் போதும், மிச்ச நேரம் வீட்டில் வேலை செய்யட்டும், தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்கிறார். இதை எங்கள் தலைமையாசிரியர் படித்திருந்தாரா என்று தெரியாது. படித்திருந்தாலும் எங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் போவார், டிரம்மும் ஹார்மோனியமும் மாட்டு வண்டியில் வரும், பாடிக்கொண்டே வீடு வீடாகப் போவோம். முறுக்கு, அதிரசம், சுக்குக் காப்பி, சில வீடுகளில் கேக். விடியற்காலை மூன்று மணிக்கும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலும் நின்று பாடச் சொல்லிக் கேட்டுக் காணிக்கை போடுவார்கள். இதற்கு ஜெர்மனியில் ஒரு மூத்த உறவு உண்டு. அங்கே பள்ளிக்கூடத்து ஏழைப் பையன்கள் கூட்டமாக வீட்டு வாசல்களில் நின்று பாடிச் சாப்பாட்டுக்குச் சம்பாதிப்பார்கள். 1498 வாக்கில் ஐசனாக் ஊரில் படிக்கும்போது லுத்தரும் அப்படிப் பாடினார். அவர் படித்த அந்த லத்தீன் பள்ளியில் பின்னாளில் படித்தவர்தான் இசைமேதை பாஹ். அங்கிருந்து இங்கே நேராக வந்த வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர் மார்கழி பஜனைக்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். குளிரும் விடியற்காலையும் வீட்டு வாசலும் இரண்டுக்கும் பொது.

அடுத்தது, பள்ளியில் எனக்குப் பிடித்த மூலை.

லாபரட்டரிக்கு வெளியே வராந்தாவில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. 'மியூசியம்' என்று மேலே எழுதியிருக்கும். ஃபார்மலின் ஜாடியில் கட்டுவிரியன், தரங்கம்பாடிக் கடற்கரையில் பொறுக்கிய சங்கு, சோழி, காய்ந்த கடற்குதிரை, துருவேறிய பழைய காசுகள், கூட்டோடு ஒரு தூக்கணாங்குருவி முட்டை. சனிக்கிழமைகளில் இயற்கைக் கழகம் என்ற பெயரில் சயின்ஸ் சார் எங்களை வாய்க்கால் ஓரமாகவோ கடற்கரைக்கோ கூட்டிப் போவார். எதையாவது எடுத்து வந்து, பெயர் கண்டுபிடித்து, சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். ஏன் இப்படி ஒரு வேலை என்று அப்போது யோசித்ததே இல்லை.

பல வருஷம் கழித்து ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்தைப் பற்றிப் படித்தபோதுதான் இந்த அலமாரியின் பாட்டன் யார் என்று புரிந்தது. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9ஆம் தேதி வந்து இறங்கிய முதல் லுத்தரன் மிஷனரிகளில் ஒருவரான சீகன்பால்கு, படித்தது ஹாலேயில். அங்கே ஃபிராங்கே என்ற போதகர் 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, அனாதை இல்லம், அச்சகம், மருந்தகம் என்று ஒரு சின்ன ஊராகவே வளர்ந்திருந்தது. அனாதை இல்லத்தின் மாடியில் ஒரு அதிசயப் பொருள் அறை. முதலை, பவளம், தொலைதேச உடுப்பு, உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்த சாமான்கள். நம் ஊரிலிருந்து போன பொருள்களும் அங்கே உண்டு. அந்த வளாகத்து ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அந்த அறை இன்றும் அதே இடத்தில், 18ஆம் நூற்றாண்டு அலமாரிகளோடு இருக்கிறது.

ஃபிராங்கேயின் பள்ளியில் விளையாட்டு கிடையாது. சும்மா விளையாடுவது பாவத்துக்கு வழி என்று நம்பிய கூட்டம் அவர்கள். ஆனால் பிள்ளைகளை நாள் முழுக்கப் பாடத்தில் உட்கார வைக்கவும் முடியாதே. அதனால் ஓய்வு நேரத்துக்கென்று ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். கடைசல் வேலை, கண்ணாடி தேய்த்து லென்ஸ் செய்வது, அட்டை வேலை, செடி சேகரிக்கப் போவது, ஊரில் தச்சர் கொல்லர் பட்டறைகளுக்குப் போய் வேலையைப் பார்த்து வருவது. விளையாட்டைத் தடுக்கப் போய் மன்றங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தச் சலுகை வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த பிரிவுக்குத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அனாதைப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம் என்றால் பின்னல் வேலை, தோட்ட வேலை.

அந்த ஹாலேப் பழக்கம் தரங்கம்பாடிக்கு வந்தவர்களிடம் நன்றாக ஒட்டியிருந்தது. 1768இல் மிஷன் மருத்துவராக வந்த கூனிக், செடிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை உலகத்துக்குக் கொடுத்த லின்னேயஸின் மாணவர். ராட்லர் ஐயர் பிரசங்கம் செய்த நேரம் போக ஊர் ஊராகச் செடி பறித்து உலர்த்தினார். அவர்தான் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியையும் தொகுத்தவர். ஜான் ஐயர் என்று ஒருவர், முழுப் பெயர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், தரங்கம்பாடி மீனவர்களிடமிருந்து மீன்களை வாங்கிப் பாடம் பண்ணி பெர்லினில் இருந்த பிளோக் என்ற மீன் ஆய்வாளருக்கு அனுப்பினார். பிளோக் 1793இல் ஒரு மீன் பேரினத்துக்கு ஜோனியஸ் என்று அவர் பெயரையே வைத்துவிட்டார். கத்தாழை மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்தக் குடும்பத்து மீன்தான். எங்கள் போர்டிங்கில் ஞாயிற்றுக்கிழமை அது வரும், இந்தக் கதையை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முள் எடுப்பதில் கொஞ்சம் மரியாதையாவது காட்டியிருப்போம்.

சரபோஜி மன்னரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் சுவார்ட்ஸிடமும் பிறகு சென்னையில் கெரிக்கே என்ற இன்னொரு லுத்தரன் ஐயரிடமும் பாடம் கேட்டவர். அரசரான பிறகு தஞ்சாவூரில் நூலகம், செடிகொடிகளின் ஓவியங்கள், அறிவியல் கருவிகள் என்று சேர்த்து வைத்தார். சரஸ்வதி மகாலை எல்லாருக்கும் தெரியும். அந்தச் சேகரிக்கும் கிறுக்கில் ஒரு பங்கு ஹாலேயிலிருந்து வந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ராஜாவுக்கு அரண்மனை, எங்களுக்கு வராந்தாவில் ஒரு அலமாரி.

சரி, பெருமை போதும். 'தோட்டக் கழகம்' பற்றியும் சொல்ல வேண்டும்.

எல்லாக் கழகத்துக்கும் ஒரு நோட்டு, ஒரு தலைவர், ஒரு செயலாளர் இருந்தார்கள். தோட்டக் கழகத்துக்கும் இருந்தார்கள். என்ன வித்தியாசம் என்றால், மற்றதில் விருப்பம் இருந்தால் சேரலாம், இதில் போர்டிங் பையன் எல்லாரும் பிறவியிலேயே உறுப்பினர். கத்தரி, வெண்டை, கீரை போட்டோம். கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினோம். விளைந்தது சமையற்கட்டுக்குப் போய் எங்களுக்கே சாம்பாராகத் திரும்பி வந்தது. டே ஸ்காலர் பையன்கள் நாலேகாலுக்கு மட்டை எடுக்கும்போது நாங்கள் மண்வெட்டி எடுப்போம். 'உழைப்பின் மேன்மை' என்று வார்டன் ஐயா நிறையப் பேசுவார். உழைப்பின் மேன்மை ஏன் அரைக் கட்டணப் பையன்களுக்கு மட்டும் கற்பிக்கப்படுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஹாலேயில் யாருக்கு லென்ஸ், யாருக்குப் பின்னல் ஊசி என்று பிரித்தார்களே, அதே கோடு எங்கள் வளாகத்திலும் ஓடியது. ஒன்று மட்டும் உண்மை, நாற்று விடவும் பூச்சி பார்க்கவும் அங்கே கற்றுக்கொண்டேன், அது இன்றைக்கும் உதவுகிறது. அதனால் அந்த ஏற்பாடு நியாயமாகிவிடாது.

நாடகத்துக்கு வருவோம். ஃபிராங்கே வழி வந்தவர்களுக்கு நாடகமும் நடனமும் ஆகாது. ஆனால் லுத்தர் வேறு மாதிரி. பையன்கள் பழைய லத்தீன் நகைச்சுவை நாடகங்களை நடிப்பதில் தப்பில்லை, பேச்சும் நடத்தையும் படிவார்கள் என்ற பக்கம் அவர். இரண்டு பேரும் எங்கள் பள்ளியில் உயிரோடுதான் இருந்தார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை தொடங்கும்போது அந்தச் சண்டையும் தொடங்கும். தமிழ் ஐயாவுக்கு அடுக்குமொழி வசனமும் கட்டியங்காரனும் வேண்டும். தலைமையாசிரியருக்கு வசனம் வேதாகமத்தில் உள்ளபடி இருந்தால் போதும். மேய்ப்பர்கள் காட்சியில் ஒரு கும்மி வைக்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் பேசுவார்கள். கும்மி, கோலாட்டம் சரி, 'டான்ஸ்' கூடாது என்று முடிவாகும். இரண்டுக்கும் எல்லை எங்கே என்று அவர்களுக்கே நிச்சயம் இல்லாததால், மேடையில் எங்களுக்குத் தோன்றியதை ஆடினோம்.

ஏரோது வேஷம் எப்போதும் கிறிஸ்தவன் அல்லாத பையனுக்குத்தான் வரும். கெட்ட ராஜாவாக நடிக்கத் தங்கள் பிள்ளையை அனுப்ப சபைக் குடும்பங்களுக்கு மனசு வராது. எங்களுக்கோ, நாடகத்திலேயே நல்ல வசனமும் ஜிகினா உடுப்பும் ஏரோதுக்குத்தான். நான் ஒரு வருஷம் ஏரோது. எதிரே வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். குழந்தைகளைக் கொல்ல நான் உத்தரவு போட்டபோது பக்கத்திலிருந்த பாதிரியார் அம்மாவிடம் "எங்க புள்ளைங்கள்ல யாருக்கும் இந்தக் குரல் வராதும்மா" என்று பாராட்டியது, ஊரில் ரொம்ப நாள் பேசப்பட்டது.

பெண்கள் பள்ளி சாலைக்கு அந்தப் பக்கம். சீகன்பால்கு 1707லேயே தரங்கம்பாடியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதை எங்கள் வட்டாரத்தில் எல்லா விழாவிலும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெருமைக்குரிய பள்ளிகளில் என் காலத்தில் மாலை நேரத்துக்கு இருந்தவை தையல், எம்பிராய்டரி, பாட்டு, எறிபந்து. சாரணியர் படை ஒன்று இருந்தது, அவர்கள் முகாமுக்கு வெளியூர் போனதாக நினைவில்லை. மற்றபடி இரண்டு பள்ளிக் கொயரும் டிசம்பரில் மட்டும் ஒன்றாகப் பாடும். அந்த மாதம் எங்கள் பக்கம் டெனர், பாஸ் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. பாட்டு சார் இதைப் புரிந்துகொண்டு, நவம்பரில் வராதவனுக்கு டிசம்பரில் இடமில்லை என்று சட்டம் போட்டார்.

சாரணர், என்.சி.சி. பற்றி எழுத ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக் கதையும் ஒன்றாகிவிடும். சனிக்கிழமைப் பரேடு, கஞ்சி போட்ட காக்கி, பரேடு முடிந்ததும் தருகிற பூரி கிழங்குக்காகவே சேர்ந்த கூட்டம், எல்லாம் எங்களுக்கும் உண்டு. சாரணரில் கற்ற முடிச்சுகள் மட்டும் கைக்கு மறக்கவே இல்லை. பாத்திரமில்லாமல் சமைப்பது என்று ஒரு தேர்வு வைப்பார்கள். வாழை மட்டையில் சுற்றி நெருப்பில் சுட்ட உருளைக்கிழங்கு உள்ளே பச்சையாக இருக்கும், சார் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு மதிப்பெண் போடுவார்.

பூப்பந்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அது தஞ்சை மண்ணின் விளையாட்டு. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், இறகுப் பந்தை விடப் பெரிய மைதானம். காற்றடித்தாலும் பந்து பறந்து போகாது என்பதால் வெட்டவெளியில் ஆடலாம், செலவு குறைவு. எங்கள் வட்டாரத்து மிஷன் பள்ளிகளுக்கு இடையே கால்பந்து, கிரிக்கெட்டை விடப் பூப்பந்துக்குத்தான் பகை அதிகம். பி.இ.டி. சார் வளாகத்துக்குள்ளேயே குடியிருந்தார். வெளிச்சம் போகும்வரை ஆட்டம், பந்து கண்ணுக்குத் தெரியாமல் சத்தத்தை வைத்து அடிக்கிற நிலை வந்த பிறகுதான் விசில்.

இந்த ஆட்டத்தில் நான் கவனித்தது ஒன்று. ஐந்து பேர் அணியில் யாருக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதை சார் முடிவு செய்வார். கேட்டால் சின்ன விஷயம். இந்தச் சபைகளின் கதை தெரிந்தவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சபையான ஆங்கிலிக்கன் சபையின் பேராயர்கள் சபைக்குள் சாதி கூடாது என்று கறாராக நின்றபோது, சாதி சமூக வழக்கம்தானே என்று விட்டுப்பிடித்தது ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷன். அதனாலேயே பலர் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தார்கள். நான் மேலே புகழ்ந்தேனே வேதநாயக சாஸ்திரியார், அவரும் அந்த விஷயத்தில் சாதிக்காகவே வாதாடினார். அவர் பாட்டு எனக்குப் பிடிக்கும், அந்த வாதம் பிடிக்காது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனியாக உருவாகி, என் காலத்துக்கு எழுபது வருஷம் ஆகிவிட்டிருந்தது. அப்போதும் கோவிலில் எந்தக் குடும்பம் எந்தப் பெஞ்சில் உட்காரும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. மைதானத்தில் அந்தப் பெஞ்சு இல்லை. கொயரிலும் இல்லை, பாஸ் குரல்காரன் பாஸ் வரிசையில் நின்றாக வேண்டும். வகுப்பறையில் வாத்தியார்கள் எத்தனையோ நல்லது சொன்னார்கள். எங்களில் சிலரை மாற்றியது அந்தச் சொல் இல்லை, தினமும் ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்த அந்த மாலைகள்தான். 'சிலரை' என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவும்.

இலக்கிய மன்றம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கூடும். பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், திருக்குறள் ஒப்புவித்தல். நான் அதில் ரசித்தது கையெழுத்துப் பத்திரிகை. அழகாக எழுதுகிறவன் ஒருவன், படம் போடுகிறவன் ஒருவன், ஒரே பிரதி, நூலகத்தில் மேஜையோடு கயிற்றில் கட்டியிருக்கும். நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்தியாவில் தமிழ் அச்சு மறுபடி உயிர் பெற்றது பக்கத்து ஊரான தரங்கம்பாடியில். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், அங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். புதிய ஏற்பாட்டை 1714, 1715இல் அச்சடித்தார்கள். காகிதம் போதவில்லை என்று 1715இல் பொறையாறில் ஆலையே வைத்துப் பார்த்தார்கள். அத்தனைக்கும் பிறகு, 270 வருஷம் கழித்து, அதே மண்ணில் நாங்கள் கார்பன் கூட வைக்காமல் ஒரே பிரதி எழுதிக்கொண்டிருந்தோம். நூலகர் அதில் சினிமா விமரிசனம் வந்த பக்கத்தை மட்டும் பசை போட்டு ஒட்டிவிடுவார். எல்லாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இதெல்லாம் இப்போது எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. காரணமாக எல்லாரும் சொல்வது மார்க், டியூஷன், செல்போன். அந்தப் பட்டியல் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. பத்தாம் வகுப்புப் பயம் எங்கள் காலத்திலும் இருந்தது, மார்ச் மாதம் கொயர் அறை பூட்டித்தான் கிடக்கும்.

வேறொன்று நடந்தது. அந்தப் பள்ளியில் மாலையில் ஆட்கள் இருந்தார்கள், இப்போது இல்லை. பாட்டு சார், பி.இ.டி. சார், வார்டன், சயின்ஸ் சார் எல்லாருக்கும் வளாகத்துக்குள் அல்லது கூப்பிடு தூரத்தில் வீடு. நூற்றுக்கணக்கில் போர்டிங் பையன்கள், போக வேறு இடம் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் நாலேகாலிலிருந்து ஏழு மணிவரை ஏதாவது நடந்தே தீரும், யாரும் திட்டம் போட வேண்டியதில்லை. ஃபிராங்கேயின் ஹாலேயும் தங்கிப் படிக்கிற இடம்தான், தரங்கம்பாடியின் முதல் மிஷன் பள்ளிகளிலும் பிள்ளைகளைத் தங்க வைத்து, சோறு போட்டுத்தான் படிக்க வைத்தார்கள். லுத்தரன் பள்ளிகளின் மாலை நேரத்தை மதமோ கொள்கையோ மட்டும் உண்டாக்கவில்லை. சமையற்கட்டும் விடுதியும் உண்டாக்கின.

ஊருக்கு ஊர் உயர்நிலைப் பள்ளி வந்தது, அதுவும் நல்லதுக்குத்தான். என் ஊரிலேயே பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, என் தங்கை மகன் வீட்டிலிருந்தே போய் வந்தான். போர்டிங்கில் ஆள் குறைந்து, மேல் மாடி பூட்டி, கடைசியில் முழுசாகவே மூடினார்கள். ஆசிரியர்கள் மயிலாடுதுறையிலிருந்தும் சீர்காழியிலிருந்தும் பைக்கில் வந்து போகிறார்கள். பாட்டு சார் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. கைத்தொழில் ஆசிரியர் இடமும் அப்படியே போனது. பிள்ளைகள் வேனில் வருகிறார்கள்.

போன வருஷம் பழைய மாணவர் கூட்டத்தில் பணம் சேர்ந்தது. ஸ்மார்ட் போர்டு வாங்குவதா, பேண்டு வாத்தியமும் பூப்பந்து வலையும் வாங்குவதா என்று காரசாரமாகப் பேசினோம். எங்கள் வயதுக்காரர்கள் எல்லாம் வாத்தியத்துக்குத்தான் கை தூக்கினோம். 2022இல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா வந்த பிறகு கிராமத்துப் பிள்ளைகள் மேடையில் என்ன போடு போடுகிறார்கள், நம் பள்ளி மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆவேசமாகப் பேசினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

இப்போதிருக்கும் உடற்கல்வி ஆசிரியை, வயதில் சின்னவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். "வலை இருக்குங்க சார். மட்டையும் ரெண்டு செட்டு புதுசா இருக்கு. வேன் நாலரைக்குக் கிளம்புது. அதை ஆறு மணிக்கு மாத்திக் குடுக்க முடியுமா?"

வேன் பள்ளியுடையது இல்லை, பெற்றோர்கள் சேர்ந்து பேசி வைத்திருக்கும் தனியார் வண்டிகள். அதே வண்டிகள் ஐந்தரைக்கு இன்னொரு ஊரில் டியூஷன் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். நாலு டிரைவர்களிடம் பேசினோம். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும், டீசல் காசு கூடக் கொடுத்தால் இரண்டு வண்டி தாமதமாகக் கிளம்பச் சம்மதித்திருக்கிறார்கள். சேர்ந்த பணம் இப்போதைக்கு டீசலுக்குப் போகிறது.